அம்பத்தூர் கம்பெனி, கொரட்டூர் வீடு: 90 நாள் முடியறதுக்குள்ள என்ன பண்ணலாம்?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்ல எங்களுக்கு ஒரு சிஎன்சி ஷாப் இருக்கு. பிரைவேட் லிமிடெட், நானும் வீட்டுக்காரரும் டைரக்டர்ஸ், 14 பேர் வேலை பாக்குறாங்க. பேங்க்ல சிசி (கேஷ் கிரெடிட், தேவைக்கு எடுத்துப் போடற தொழில் கடன்) லிமிட் 1.20 கோடி, வட்டி வருஷத்துக்கு பத்தரை பர்சன்ட். மெஷின் லோன் பாக்கி 65 லட்சம். ரெண்டுக்கும் கொரட்டூர்ல என் பேர்ல இருக்குற வீடு செக்யூரிட்டி, நாங்க ரெண்டு பேரும் பர்சனல் கேரண்டி போட்டிருக்கோம். ஒரு பெரிய கஸ்டமர் ஏழு மாசமா 48 லட்சம் தரல. சமாளிக்க வெளிய 15 லட்சம் அஞ்சு வட்டிக்கு வாங்கிட்டோம். பிஎஃப் நாலு மாசம் கட்டல, ஜிஎஸ்டியும் நிக்குது. இப்ப பேங்க்லேர்ந்து எஸ்எம்ஏ-1, 52 நாள்னு மெயில் வந்திருக்கு. தெரிஞ்சவர் ஒருத்தர், கம்பெனிய என்சிஎல்டில (கம்பெனி திவால் வழக்கு நடக்குற தீர்ப்பாயம்) போட்டா கடன் எல்லாம் போயிடும், அதுக்கு முன்னாடி வீட்ட பொண்ணு பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடுங்க, உங்க தம்பி குடுத்த 10 லட்சத்த திருப்பிடுங்க, இனிமே கலெக்‌ஷன வேற பேங்க்ல போடுங்கன்னு சொல்றார். வீடு போயிடுமோன்னு தூக்கமே இல்ல. என்ன பண்றது?

பதில்:

மேடம், முதல்ல அந்த தெரிஞ்சவர் சொன்ன மூணு விஷயத்தையும் பண்ணாதீங்க. ஏற்கனவே எதாவது ஆரம்பிச்சிருந்தா அதோட நிறுத்துங்க. ஏன்னு கீழ சொல்றேன், ஆனா இத மொதல்ல சொல்லணும், ஏன்னா உங்க கேஸ்ல இப்ப வரைக்கும் எல்லாமே சரி பண்ணக்கூடிய நிலைமைலதான் இருக்கு, அந்த மூணுல ஒண்ண பண்ணிட்டா பேங்க் உங்கள பாக்குற பார்வையே மாறிடும்.

52 நாள்னா என்பிஏ (வாராக்கடன்) ஆகறதுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு கொஞ்சம் மேல டைம் இருக்கு. எஸ்எம்ஏங்கிறது பாக்கி நிக்குற கணக்குக்கு பேங்க் வைக்கிற எச்சரிக்கை முத்திரை: 30 நாள் வரைக்கும் எஸ்எம்ஏ-0, 31லேர்ந்து 60 வரைக்கும் எஸ்எம்ஏ-1, 61லேர்ந்து 90 வரைக்கும் எஸ்எம்ஏ-2, 90 தாண்டினா என்பிஏ. நீங்க கேக்கக்கூடிய நல்ல வழிகள் பெரும்பாலும் இந்த 90க்கு முன்னாடிதான் இருக்கு. அதனால இந்த வாரமே வேலைய ஆரம்பிக்கணும்.

உங்க கணக்கு எப்படி இங்க வந்து நின்னுச்சுன்னு பாருங்க, இத புரிஞ்சுக்கிட்டாதான் பேங்க்ல என்ன கேக்கணும்னு தெரியும். சிசில நீங்க எடுக்கக்கூடிய தொகை லிமிட்ட மட்டும் பொறுத்தது இல்ல, மாசாமாசம் குடுக்குற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்ல வர்ற டிராயிங் பவர (டிபி, அதாவது ஸ்டாக்கும் வர வேண்டிய பில்லும் வச்சு அப்ப எடுக்க விடற தொகை) பொறுத்தது. உங்க சாங்ஷன் லெட்டர எடுத்துப் பாருங்க, 90 நாளுக்கு மேல நிக்குற பில்ல கணக்குல எடுக்க மாட்டோம்னு அனேகமா ஒரு வரி இருக்கும். மார்ஜின் (பில் தொகைல பேங்க் கழிச்சுக்கிற பங்கு) 25 பர்சன்ட்னு வச்சுக்கிட்டா அந்த 48 லட்சம் பில் லிஸ்ட்லேர்ந்து விழுந்த அன்னிக்கே டிபில 36 லட்சம் குறைஞ்சிடுது. 1.20 கோடி டிபி 84 லட்சம் ஆயிடுது. சிசில 1.18 கோடி நிக்குதுன்னா நீங்க ஒரு ரூபா கூட புதுசா எடுக்காமலே 34 லட்சம் ஓவர். அந்த ஓவர் தொடர்ந்து 90 நாள் நின்னா அக்கவுண்ட் என்பிஏ. மெஷின் ஓடிட்டுதான் இருக்கும், ஆர்டர் வந்துட்டுதான் இருக்கும், சம்பளமும் போயிட்டிருக்கும், ஆனா பேப்பர்ல கம்பெனி படுத்துடும். அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் எங்க போனாலும் சின்ன ஷாப்புங்க விழற கதை பெரும்பாலும் இதேதான், வேலை இல்லாம விழறவங்கள விட பெரிய கம்பெனிகிட்ட பில் மாட்டிக்கிட்டு விழறவங்கதான் அதிகம். எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஏன்னா தப்பு பண்ணது ஒருத்தர், வீடு போறது இன்னொருத்தருக்கு.

சரி, இப்ப பேங்க். எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர) கம்பெனிங்களுக்குன்னே ஒரு மறுவாழ்வு திட்டம் இருக்கு. மத்திய அரசு 2015 மே 29ல நோட்டிஃபிகேஷன் போட்டுச்சு, ரிசர்வ் பேங்க் 2016 மார்ச்ல அத ஒட்டி பேங்குகளுக்கு உத்தரவு குடுத்துச்சு. 25 கோடி வரைக்கும் கடன் இருக்குறவங்களுக்கு பொருந்தும், நீங்க தாராளமா உள்ள வர்றீங்க. பேங்க் கூப்பிடட்டும்னு காத்திருக்க வேண்டியதில்ல, தொழில் தடுமாறுது, கட்ட முடியாம போயிடும்னு நியாயமான பயம் இருந்தா நீங்களே அப்ளிகேஷன் குடுக்கலாம். கடன் 10 லட்சத்துக்கு மேலன்னா பிராஞ்ச் அத அஞ்சு வேலை நாளுக்குள்ள இந்த திட்டத்துக்கான பேங்க் கமிட்டிக்கு அனுப்பணும், கமிட்டி மூணு வழில ஒண்ண முடிவு பண்ணணும்: பழைய ஏற்பாட்டுலயே ஓவர்டியூவ சரி பண்றது, கடன மாத்தி அமைக்கிறது (ரீஸ்ட்ரக்சரிங்), இல்லன்னா வசூல். நீங்க கேக்க வேண்டியது ரெண்டாவது.

பிராஞ்ச்ல நிறைய பேருக்கு இந்த திட்டமே ஞாபகம் இருக்காது, "சார் முதல்ல ஓவர்டியூ கட்டுங்க, அப்புறம் பாக்கலாம்"னுதான் சொல்வாங்க. அதுக்கு 2024 ஆகஸ்ட் 1ல சுப்ரீம் கோர்ட் ப்ரோ நிட்ஸ் கேஸ்ல குடுத்த தீர்ப்பு உதவும். இந்த திட்டம் பேங்குகள கட்டுப்படுத்தும், விருப்பம் இருந்தா பண்ணலாம்ங்கிற மாதிரி இல்லன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா அதே தீர்ப்புல இன்னொண்ணும் இருக்கு, அத நிறைய பேர் படிக்காம விட்டுடறாங்க: நான் எம்எஸ்எம்இ, இதோ சான்றுன்னு என்பிஏ ஆகறதுக்கு முன்னாடியே கடன் வாங்கினவங்க பேங்க் கவனத்துக்கு கொண்டு வரணும். சும்மா இருந்துட்டு வீட்ட ஏலம் விடுற கட்டத்துல வந்து கேட்டா எடுபடாது. அதனால உதயம் சர்டிஃபிகேட்டோட (எம்எஸ்எம்இ பதிவுச் சான்று) அப்ளிகேஷன எழுத்துல குடுங்க, பிராஞ்ச்ல சீல் போட்டு காப்பி வாங்குங்க, அதையே மெயில்லயும் ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க. மேனேஜர்கிட்ட வாய்ல பேசினது, வாட்ஸ்அப்ல அனுப்பினது இதெல்லாம் பின்னாடி நிக்காது.

அப்ளிகேஷன்ல அழுது எழுதாதீங்க. "எங்க கணக்கு ஒழுங்கில்லாம போனதுக்குக் காரணம் இந்த ஒரு கஸ்டமரோட 48 லட்சம், பில் வாரியா தேதியோட பட்டியல் இணைச்சிருக்கோம். டிபிக்கு மேல நிக்குற 34 லட்சத்த தனி ஒர்க்கிங் கேபிடல் டேர்ம் லோனா மாத்திக் குடுங்க, மெஷின் லோன் தவணைக்கு ஆறு மாசம் அவகாசம் குடுங்க, அந்த 48 லட்சம் வந்ததும் முதல்ல இந்த டேர்ம் லோனுக்குத்தான் போகும்"னு எழுதுங்க. கூடவே அடுத்த 12 மாசத்துக்கு கேஷ் ஃப்ளோ, கைல இருக்குற பர்சேஸ் ஆர்டர் காப்பி, மத்த கஸ்டமர் எல்லாம் ஒழுங்கா கட்டுறாங்கங்கிறதுக்கு ஏஜிங் லிஸ்ட் (எந்த பில் எத்தன நாளா நிக்குதுங்கிற பட்டியல்). கமிட்டில உக்காந்து படிக்கிறவருக்கு கேள்வி ஒண்ணுதான்: இந்த ஒரு பில் தவிர கம்பெனி தானா நிக்குமா? அதுக்கு பதில் முதல் பக்கத்துலயே இருக்கணும்.

அந்த கேள்விய நீங்களும் வீட்டுக்காரரும் உங்களுக்குள்ள நேர்மையா கேட்டுக்கோங்க. அந்த 48 லட்சத்த ஓரமா வச்சுட்டு, மாச பில்லிங்ல மெட்டீரியல், சம்பளம், கரண்ட், டூல் செலவு, வரி எல்லாம் போக பேங்க் வட்டிக்கும் தவணைக்கும் மிச்சம் வருதா? வந்தா போராடுங்க. வரலைன்னா ரீஸ்ட்ரக்சரிங் வாங்கறது கடன பெருசாக்கறதுதான். அப்ப மெஷின நல்ல விலைக்கு நீங்களே பேங்க் சம்மதத்தோட வித்து, ஓடிஎஸ் (குறைச்ச தொகைக்கு பேசி கடன முடிக்கிறது) பேசி வெளிய வர்றது மேல், ஏலத்துல போனா அந்த விலை வராது.

இதுல வெளிக்கடன பத்தி ஒரு வார்த்தை. 15 லட்சத்துக்கு அஞ்சு வட்டின்னா மாசம் 75,000. பேங்க்ல 1.20 கோடிக்கு பத்தரை பர்சன்ட்ல மாசம் 1.05 லட்சம்தான் வருது. எட்டுல ஒரு பங்கு பணம் கிட்டத்தட்ட முக்கால் பங்கு வட்டிய தின்னுட்டிருக்கு. இத கட்ட இன்னொரு இடத்துல வாங்காதீங்க, அது முடிவே இல்லாம போகும். நகையோ, அடமானத்துல இல்லாத வேற எதாவதோ உங்க சொந்தத்துல இருந்தா அத இங்க போட்டு இத மூடறதுதான் புத்திசாலித்தனம், கம்பெனிக்குள்ள போட வேண்டாம். இதுவரைக்கும் குடுத்த வட்டிக்கு பேங்க் டிரான்ஸ்ஃபர், ஜிபே ஆதாரம் எல்லாத்தையும் எடுத்து வைங்க. வெத்து செக், கையெழுத்து மட்டும் போட்ட ப்ரோநோட்டு குடுத்திருந்தா செக் நம்பரோட எழுதி வைங்க. வீட்டு வாசல்ல ஆள் வந்து நின்னு மிரட்டினா தமிழ்நாட்டுல 2003லேர்ந்து கந்து வட்டி தடைச் சட்டம் இருக்கு, ஸ்டேஷன்ல புகார் குடுக்க தயங்காதீங்க.

அடுத்து அந்த 48 லட்சம். எம்எஸ்எம்இ சட்டப்படி அக்ரிமென்ட் இருந்தாலும் 45 நாளுக்கு மேல ஒருத்தர் நிறுத்தி வைக்க முடியாது. தாண்டினா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. மைக்ரோ, ஸ்மால் கம்பெனிங்க இந்த சட்டத்துக்கான ஃபெசிலிடேஷன் கவுன்சில்ல கேஸ் போடலாம். ஃபைலிங் ஆன்லைன்லயே. முதல்ல சமரசம், அது நடக்கலைன்னா ஆர்பிட்ரேஷன். உங்க பக்கம் தீர்ப்பு வந்தா அத எதிர்த்து கோர்ட்டுக்கு போக அவங்க 75 பர்சன்ட் டெபாசிட் பண்ணணும், இதுதான் இந்த சட்டத்தோட பல்லு. சப்ளை பண்றதுக்கு முன்னாடியே உதயம் எடுத்திருந்தா உங்க கேஸ் வலுவா நிக்கும், அந்த தேதிய பாருங்க.

கேஸ் போட்டா ஆர்டர் போயிடும்னு வீட்டுக்காரர் சொல்வார். எல்லாரும் சொல்றதுதான், அதுல உண்மையும் இருக்கு. அதனால முதல்ல அவங்க பர்சேஸ்காரங்கள விட்டுட்டு ஃபைனான்ஸ் ஹெட்டுக்கு ஒரு லெட்டர் போடுங்க. பில்ல அவங்க ஒத்துக்கிட்ட ஜிஆர்என் (சரக்கு வந்து சேந்ததுன்னு அவங்க போடற ரசீது), டெலிவரி சலான், ஈ-வே பில் எல்லாம் வச்சு, இந்த தொகைய கட்டுற வரைக்கும் உங்களுக்கு அது வருமான வரில செலவா கழியாது, 2024-25 அசெஸ்மென்ட் வருஷத்துலேர்ந்து அப்படித்தான், அரை வருஷத்துக்கு ஒரு தடவ ஆர்ஓசில (கம்பெனி பதிவாளர்) எம்எஸ்எம்இ-1 படிவத்துல எங்க பாக்கிய நீங்க காட்டியாகணும்னு மரியாதையா நினைவுபடுத்துங்க. பர்சேஸ்ல நூறு தடவ போன் பண்ணி நடக்காதது ஃபைனான்ஸுக்கு போற ஒரு லெட்டர்ல நகர்ந்ததுண்டு. குவாலிட்டி ரிஜெக்‌ஷன், டெபிட் நோட்டுன்னு எதாவது சொல்றாங்கன்னா அந்த தொகைய தனியா பிரிச்சு, சண்டை இல்லாத மிச்சத்த உடனே குடுங்கன்னு கேளுங்க. 15 நாள் பாருங்க, அசையலைன்னா ஃபைல் பண்ணிடுங்க. ஏழு மாசம் காசு தராத கஸ்டமரோட ஆர்டர காப்பாத்தறதுக்காக வீட்ட பணயம் வைக்கிறதுல நியாயம் இல்ல. ஃபைல் பண்ண காப்பிய பேங்க் அப்ளிகேஷனோட வைக்கலாம், பணம் வர வழி இருக்குன்னு அதுவே சொல்லும்.

இப்ப என்சிஎல்டி. "கடன் எல்லாம் போயிடும்"ங்கிறது உங்க விஷயத்துல ஆபத்தான அரைகுறை தகவல். திவால் சட்டத்துல கம்பெனி மேல கேஸ் அட்மிட் ஆனா மொரட்டோரியம் வரும், கம்பெனிக்கு எதிரான வசூல் நிக்கும், உண்மைதான். ஆனா கேரண்டி போட்டவங்களுக்கு அந்த பாதுகாப்பு கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2018லயே சொல்லிடுச்சு. 2021 மே மாசம் இன்னொரு தீர்ப்புல, கம்பெனிக்கு பிளான் அப்ரூவ் ஆகி கடன் குறைஞ்சாலும் கேரண்டி போட்டவர் பொறுப்பு தானா போயிடாதுன்னும் சொல்லியிருக்கு. செக் பவுன்ஸ் கேஸும் அப்படித்தான், மொரட்டோரியம் கம்பெனிக்கு மட்டும், கையெழுத்து போட்ட டைரக்டர் மேல கேஸ் ஓடும். அதாவது நீங்க ராஜாஜி சாலைல கார்ப்பரேட் பவன்ல கம்பெனிய காப்பாத்திட்டிருக்கும்போது பேங்க் சர்ஃபேசில (கோர்ட்டுக்கு போகாமலே அடமான சொத்த எடுத்து விக்க விடற சட்டம்) கொரட்டூர் வீட்டு வாசல்ல நோட்டீஸ் ஒட்டலாம். உங்க பயம் வீடுதான், அந்த வழி வீட்ட காப்பாத்தல.

எம்எஸ்எம்இக்குன்னு 2021 ஏப்ரல்ல திவால் சட்டத்துலயே ப்ரீ-பேக்னு ஒரு வழி கொண்டு வந்தாங்க. டிஃபால்ட் 10 லட்சம் இருந்தா போதும், கம்பெனி உங்க கைலயே இருக்கும், பிளான நீங்களே தயார் பண்ணி 66 பர்சன்ட் கடன்காரங்க சம்மதத்தோட போகணும், மொத்தம் 120 நாள்னு விதி போட்டாங்க. காகிதத்துல நல்லா இருக்கு. ஆனா உங்களுக்கு பேங்க் ஒண்ணே ஒண்ணு, ஓட்டுல பெரும்பங்கு அவங்க கைல. அந்த பேங்க் சம்மதிச்சா மேல சொன்ன கமிட்டி வழியிலயே, செலவில்லாம, இதே வேலை முடிஞ்சிடும். சம்மதிக்கலைன்னா ப்ரீ-பேக்கும் நகராது. ஜிஎஸ்டி பாக்கி, வெளிக்கடன், சப்ளையர் எல்லாரையும் ஒரே பிளான்ல கட்டிப்போடணும்னா மட்டும் அதுக்கு அர்த்தம் இருக்கு, ஏன்னா அப்ரூவ் ஆன பிளான் எல்லாரையும் கட்டுப்படுத்தும். சாதாரண திவால் வழக்குல போர்டு சஸ்பெண்ட் ஆகி ரெசல்யூஷன் புரொஃபஷனல் (கம்பெனிய எடுத்து நடத்தற வெளி ஆள்) வந்து உக்காருவார், அவர் ஃபீஸ், வேல்யூவர் ஃபீஸ், பத்திரிகை விளம்பரம்னு 14 பேர் ஷாப்புக்கு தாங்காது. பிளான் எதுவும் தேறலைன்னா லிக்விடேஷன், அதாவது கம்பெனிய மூடி எல்லாத்தையும் வித்துடறது. நான் இதுக்கு இப்ப போக சொல்ல மாட்டேன்.

அந்த மூணு யோசனை ஏன் வேண்டாம்னா: வீட்டு பத்திரம் பேங்க்ல வச்சப்போ எம்ஓடி (அடமான ஆவணம்) ரெஜிஸ்டர் பண்ணியிருப்பாங்க, வில்லங்கம் போட்டாலே தெரியும். பொண்ணு பேருக்கு எழுதினாலும் அடமானம் கூடவேதான் போகும், கடன்காரங்கள ஏமாத்த எழுதினதுன்னு ரத்து பண்ணவும் முடியும், எல்லாத்துக்கும் மேல செக்யூரிட்டிய பேங்க் சம்மதம் இல்லாம கை மாத்தறது வில்ஃபுல் டிஃபால்டர்னு (வேணும்னே கடன் கட்டாதவர்) முத்திரை குத்த ஒரு காரணம். கலெக்‌ஷன வேற பேங்க்ல போடறதையும் பணத்த வேற பக்கம் திசை திருப்பினதா எழுதிடுவாங்க. அந்த முத்திரை விழுந்தா ஓடிஎஸ், புது லோன் எல்லாமே கஷ்டம், நாளைக்கு திவால் வழக்கே வந்தாலும் உங்க கம்பெனிக்கு நீங்களே பிளான் போட முடியாது. தம்பி பணம் விஷயத்துல, நெருங்கின சொந்தத்துக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள முன்னுரிமை குடுத்து திருப்பினத திவால் வழக்குல திரும்ப கேக்கலாம், அவரையும் சேத்து கோர்ட்டுக்கு இழுக்கற மாதிரி ஆயிடும். அவர்கிட்ட உக்காந்து பேசி டைம் வாங்குங்க, அந்த 10 லட்சம் கம்பெனில நிக்கறதே பேங்க் கண்ணுல உங்களுக்கு ஒரு பலம்.

பிஎஃப்ப தள்ளிப் போடாதீங்க. தொழிலாளர் சம்பளத்துல பிடிச்சுட்டு கட்டாம விட்டது நம்பிக்கை மோசடில வரும், கிரிமினல். கைல வர்ற முதல் காசு அதுக்கு போகட்டும், குறைஞ்சது அவங்க பங்கு. ஜிஎஸ்டிக்கு ரிட்டர்ன்ல காட்டின வரிக்கு தவணை கிடைக்காது, டிமாண்ட் ஆர்டர் வந்த பாக்கின்னா கமிஷனர்கிட்ட 24 மாச தவணை வரைக்கும் கேக்கலாம். எதுவா இருந்தாலும் ரிட்டர்ன நிறுத்தாதீங்க.

எல்லாம் பண்ணியும் அக்கவுண்ட் என்பிஏ ஆயிடுச்சுன்னா அதோட முடிஞ்சிடல. சர்ஃபேசி நோட்டீஸ் வந்தா 60 நாள் டைம். அதுக்குள்ள எழுத்துல ஆட்சேபணை குடுங்க, கமிட்டிக்கு அப்ளிகேஷன் குடுத்த தேதிய அதுல கண்டிப்பா சொல்லுங்க, பேங்க் 15 நாள்ல காரணத்தோட பதில் சொல்லணும். பொசஷன் எடுத்தா 45 நாளுக்குள்ள டிஆர்டி (கடன் வசூல் தீர்ப்பாயம்) போகணும். இதுக்கு வக்கீல் வேணும், அதுவும் டிஆர்டில தினமும் நிக்குற வக்கீல், சொந்தக்காரர் சிவில் வக்கீல்னு போகாதீங்க. பணத்த கட்டி வீட்ட மீட்கற உரிமையும் ஏல அறிவிப்பு வர்ற வரைக்கும்தான்.

ஓடிஎஸ் பேசற நிலைமை வந்தா லெட்டர்ல தொகைய மட்டும் பாக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் கேரண்டிலேர்ந்து விடுபடறீங்களா, பத்திரம் எப்ப திரும்பும், எம்ஓடிய ரத்து பண்ணித் தருவாங்களா, கேஸ் எதாவது இருந்தா வாபஸா, இதெல்லாம் எழுத்துல இருக்கணும். கம்பெனி கடன் செட்டில் ஆகி கேரண்டி மட்டும் தொங்கிட்டு இருந்தா பிரயோஜனமில்ல. தவணை ஒண்ணு தவறினா மொத்த சலுகையும் போயிடும்னும் போட்டிருப்பாங்க, அதனால கட்ட முடியற தேதிய மட்டும் ஒத்துக்கோங்க.

கடைசியா ஒண்ணு. ரீஸ்ட்ரக்சரிங் பேசும்போது பேங்க் கூடுதல் கேரண்டி கேக்கும், பொண்ணு வேலைக்கு போறாளா, அவளும் ஒரு கையெழுத்து போடட்டும்னு சாதாரணமா சொல்வாங்க. போட வைக்காதீங்க. அதுக்கு பதிலா, அந்த 48 லட்சம் கவுன்சில்ல வந்தாலும் கஸ்டமரே குடுத்தாலும் நேரா இந்த லோன் அக்கவுண்டுக்கே வரும்னு பேங்குக்கு எழுதிக் குடுங்க.